மடக்கிக் காட்டு

வெள்ளிக்கிழமை தவறாமல் ஹாய்ட் லெட்பெட்டர் எங்கள் இணையப் பக்கத்தில் ஒரு படம் போடுவார். அறுபத்தொரு வாரம், அறுபத்தொரு படம். எல்லாவற்றிலும் ஒரே மடக்குக்கத்தி.

எல்லாவற்றிலும் அது திறந்தே இருக்கும்.

எங்கள் பக்கம் கிழக்கு டென்னசியில் மடக்குக்கத்தி சேர்ப்பவர்களுடையது. பழைய கத்தியோ, சொல்லிச் செய்த கத்தியோ, இரண்டு படம் போடுவது வழக்கம். திறந்து ஒன்று, மடக்கி ஒன்று. மடக்கினால்தான் குறை தெரியும். அலகை இழுத்துப் பிடிக்கும் வில் தளர்ந்திருக்கிறதா, அலகு உள்ளே உரசுகிறதா என்று பார்த்துவிடலாம்.

ஹாய்டின் கத்தி மான்கொம்புப் பிடி போட்டது. அவருடைய அப்பா காலத்தது. எங்கள் வட்டாரத்தில் அதற்கு ஜோடி கிடையாது.

ஒன்பதாவது வாரம், 'சீவாத ஆப்பிள்' என்ற பெயரில் யாரோ புதிதாகச் சேர்ந்தார்கள். ஹாய்டின் படத்துக்குக் கீழே இரண்டே சொல்.

"மடகி கட்டு."

பக்கத்தை நடத்தும் டாரல் காக்டில் விடவில்லை. "முதல்ல எழுத்துக் கூட்டக் கத்துக்கப்பா. அப்புறம் கத்திக்கு வரலாம்" என்று போட்டார். நாற்பது பேர் சிரித்தார்கள். நானும் ஒருவன்.

அடுத்த வெள்ளியும் அதே இரண்டு சொல். அதற்கடுத்த வெள்ளியும். முதலில் மூன்று பிழை இருந்தது. முப்பதாவது வாரம் ஒன்றாகக் குறைந்தது. நாற்பத்தைந்தாவது வாரம் சுத்தமாக வந்தது.

"மடக்கிக் காட்டு."

ஹாய்ட் ஒரு தடவைகூடப் பதில் சொல்லவில்லை.

கடைசியில் டாரல் எழுதினார்: "ஆப்பிள் கேக்கறது நியாயந்தானே? டிசம்பர் கண்காட்சியில மடக்கிக் காட்டாத கத்திக்கு மேஜை கிடையாது. பக்கத்துலயும் இடம் கிடையாது."

கண்காட்சி தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்தது. பதினெட்டு மேஜை. ஹாய்ட் ஏழாவது மேஜையில், பச்சைத் துணி மேல் கத்தியை வைத்திருந்தார். திறந்தபடி.

டாரல் நேராக அங்கே வந்தார்.

"என்ன ஹாய்ட், இன்னிக்கும் கொட்டாவி விட்டுட்டே இருக்கே உன் கத்தி?"

"இருக்கட்டும்."

"வில் செத்துப்போன கத்தியை வெச்சுக்கிட்டு வருஷம் பூரா படம் காட்டுறே. இன்னிக்கு மடக்கு, இல்ல துணியைச் சுருட்டு."

சுற்றி ஆள் கூடிவிட்டது. "பிசின் போட்டு ஒட்டியிருப்பார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"நீங்களே மடக்கிப் பாத்துடுங்களேன், டாரல்" என்றான் இன்னொருவன்.

டாரல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கள் மலைப்பக்கத்தில் அது ஆகாது. ஒருவர் திறந்த மடக்குக்கத்தியை அவரேதான் மடக்க வேண்டும். வேறு கை மடக்கினால் திறந்தவருக்குக் கெடுதல்.

"அவன் திறந்தது, அவன்தான் மடக்கணும்" என்றார்.

"நான் திறக்கலே" என்றார் ஹாய்ட்.

இத்தனை வாரமும் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவர் கத்தி, அவர்தான் திறந்திருப்பார் என்றே இருந்துவிட்டோம்.

"பின்னே யாரு திறந்தா?"

"வெர்னா. என் வீட்டுக்காரி. போன வருஷம் அக்டோபர்ல, ஆப்பிள் சீவ. திறந்தா, அவ்வளவுதான். வாதம் வந்து வலது பக்கம் பூரா விழுந்துடுச்சு. அவ கை வர்ற வரைக்கும் இது இப்படியேதான் இருக்கும். நீ என்னை நீக்கிக்கோ."

ஹாய்ட் துணியைச் சுருட்ட ஆரம்பித்தார்.

"அதை அங்கேயே வை" என்று வாசலில் ஒரு குரல்.

வெர்னா ஊன்றுகோலுடன் நின்றிருந்தாள். பின்னால் அவள் தங்கை கார் சாவியோடு.

ஹாய்ட் சுருட்டுவதை விட்டுத் திரும்பினார். "நீ எப்படி இங்கே..."

"மேஜையைப் பிடிச்சுக்கோ, விழுந்துடாதே. ஒருத்தர் விழுந்தது போதும்."

ஊன்றுகோலைத் தங்கையிடம் கொடுத்தாள். இடது கையில் கத்தியை எடுத்தாள். வலது உள்ளங்கையை அலகின் முதுகில் வைத்துத் தள்ளினாள். பாதி வழியில் அலகு நின்றது. டாரலின் கை தானாக முன்னால் போயிற்று.

"தொடாதே" என்றார் ஹாய்ட்.

வெர்னா மூச்சை இழுத்துக்கொண்டு இன்னொரு தடவை தள்ளினாள்.

டக்.

பதினெட்டு மேஜைக்கும் கேட்டது.

வில்லின் பலத்துக்கு ஒன்று முதல் பத்து வரை எண் சொல்வோம். டாரல் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்.

"எட்டு" என்றார். உடனே திருத்தினார். "இல்லே. எட்டரை."

முதல் பரிசுக்கான நீல ரிப்பனை அவரே கொண்டுவந்து கத்தியின் பக்கத்தில் வைத்தார். கூடம் முழுக்கக் கை தட்டியது.

ஹாய்ட் மடக்கிய கத்தியைப் படம் எடுத்துப் பக்கத்தில் போட்டார். அறுபத்திரண்டாவது படம். போட்ட கையோடு அவர் போன் சிணுங்கியது. பார்த்தார். சீவாத ஆப்பிள்.

"மடக்கியாச்சு."

ஒரு பிழை இல்லை.

ஹாய்ட் தலை நிமிர்ந்தார். எதிரே வெர்னா வலது கையில் போனைப் பிடித்திருந்தாள். கட்டைவிரல் இன்னும் எழுத்துகளின் மேலேயே இருந்தது.

"அது நீயா? வாராவாரம் மடக்கு மடக்குன்னு என் உசிரை வாங்கினது?"

"உன்கிட்டே யாரு சொன்னா?" என்றாள் வெர்னா. "நான் என் கைகிட்டே சொல்லிட்டிருந்தேன்."