குமிழ் கசிந்த இடம்

பாசி பகலில் பிராணவாயுவை விடும். இரவில் அதுவே குடித்துத் தீர்க்கும். அதனால் கழிமுகத்து மீன்களுக்கு இரவெல்லாம் குழாயில் பிராணவாயு விடுவார்கள். அது அமலியின் வேலை. பாசி நெடியில் மூச்சுத் திணறிய கணவன் லிகோரிக்காக, நேற்றிரவு அவள் குழாயை நீர்மேல் தூண்களில் நின்ற தன் வீட்டுக்குத் திருப்பிவிட்டாள்.

விடிந்தபோது லிகோரி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். கழிமுகம் முழுக்க மீன்கள் செத்து மிதந்தன.

பக்கத்துவீட்டு ரொசாரி படகில் வந்தான்.

"மைனி, ஒங்க வீட்டடியில மட்டும் மீனு உசுரோட மொய்க்கே. மாதா ஒங்கள மட்டும் பாத்துக்கிட்டாளோ?"

அமலி குனிந்து பார்த்தாள். குழாயின் இணைப்பில் குமிழ்கள் கசிந்தன. எஞ்சிய மடவை மீன்களெல்லாம் அங்கே வாய்பிளந்து நின்றன.

ரொசாரியின் பார்வை குழாயோடு மெல்ல மேலேறி, லிகோரி படுத்திருந்த ஜன்னலில் நின்றது.