கோபம் எடுத்த பிள்ளை

அம்மாவை அடித்த அப்பாவின் மண்டையை உடைத்ததற்காகத்தான் யுகனைச் சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் அடைத்திருந்தார்கள். அவன் வெளியே வந்ததும் இருவருமாக எங்காவது போய்விடலாம் என்ற நம்பிக்கையில், அவன் அம்மா கீர்த்தனா இத்தனை மாதமும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று பார்க்கப் போனபோது, கண்காணிப்பாளர் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். "உங்க பையனுக்குக் கோபத்தை எடுத்தாச்சும்மா. இனிமே சுட்டுப்போட்டாலும் வராது. நாளைக்கே கூட்டிட்டுப் போகலாம்."

யுகன் சிரித்த முகமாக வந்தான். அவனைக் கட்டிக்கொண்டபோது அவள் துப்பட்டா நழுவி, கழுத்தில் கன்றிப்போயிருந்த விரல் தடம் தெரிந்தது. முன்பெல்லாம் சின்னக் கீறலைப் பார்த்தாலே வீட்டை இரண்டாக்கிவிடுவான்.

இப்போது அதை மெல்லத் தடவிக் கொடுத்தான்.

"அப்பா பாவம்மா. நீதான் பாத்து நடந்துக்கணும். நாளைக்கு அவரையும் வரச் சொல்லு, மூணு பேருமா வீட்டுக்குப் போகலாம்."