இடப்பக்கம் வழியும் ஏக்கம்

ஆஸ்திரேலியாவின் ஜீலாங் நகரக் கலைக்கூடத்தில், மெரில் என்ற ஓவியர் ரெசின் என்னும் பிசினில் நிறம் கலந்து ஊற்றிச் செய்யும் ஓவியங்களுக்கு ஏகப்பட்ட மதிப்பு. ஊற்றிய நிறமெல்லாம் இடப்பக்கமே வழிந்திருக்கும். “கடலைத் தேடும் மனதின் ஏக்கம்” என்று விமர்சகர் எழுதினார். மெரிலும் நம்பிவிட்டாள்.

“அதே ஏக்கத்தோட இன்னொண்ணு வேணும், திங்கட்கிழமைக்குள்ள,” என்றார்கள் கலைக்கூடத்தார்.

கராஜில் மேசைமேல் பலகையை வைத்து நீலத்தை ஊற்றினாள். அது நகரவில்லை. இன்னும் ஊற்றினாள். குளம்போல் நின்றது. ஏக்கம் வற்றிவிட்டதென்று கண் கலங்கினாள்.

கணவன் டக்ளஸ் எட்டிப் பார்த்தான்.

“ஏன் அழுவுற?”

“வழிய மாட்டேங்குது, டக்.”

“எப்படி வழியும்? மேசைக்கு ஒரு கால் குட்டை. என் பீர் பாட்டில் உருண்டுக்கிட்டே இருந்துச்சு. நேத்துதான் அடியில கட்டை வச்சேன்.”

மெரில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அந்தக் கட்டைய உருவு. வெளிய மூச்சு விடாத.”