மெமரி ஃபோமா, லேடெக்ஸா?

"மெமரி ஃபோம் படுத்துப் பாத்தாச்சு, ஸ்பிரிங் பாத்தாச்சு, லேடெக்ஸும் பாத்தாச்சு. நாலு நாளாச்சு. இன்னும் எதுல சார் சந்தேகம்?" என்றார் வெங்கடாசலம் அங்கிள். சான் ஹோசேயில் அந்த மெத்தைக் கடையின் விற்பனையாளர் அவர்தான்.

கவின் பதிலை வரும் வழியிலேயே யோசித்து வைத்திருந்தான்.

"மெமரி ஃபோம் ஆளையே உள்ள இழுத்துக்குது அங்கிள், திரும்பிப் படுக்க முடியல. ஸ்பிரிங்ல பக்கத்துல இருக்கறவங்க அசைஞ்சா நமக்கும் ஆடுது. லேடெக்ஸ் ஓகே, ஆனா முதுகுக்குக் கொஞ்சம் கெட்டி. அது மேல ஒரு டாப்பர் போட்டு டெஸ்ட் பண்ணிடறேனே."

"ரெண்டு இஞ்ச்சா, மூணு இஞ்ச்சா?"

"மூணு."

அங்கிள் மெத்தை மேல் போடும் அந்த மெத்து விரிப்பை விரித்துவிட்டு ஷோரூமின் அந்தக் கோடிக்குப் போனார்.

மெத்தை வாங்கும் எண்ணம் அவனுக்குத் துளியும் கிடையாது. வீட்டில் இருப்பதே தங்கமான மெத்தை. அதில் படுக்கத்தான் கொடுப்பினை இல்லை. பத்து மாத இனியனுக்குப் பல் முளைக்கிறது, ராத்திரி முழுக்கக் கச்சேரி. பகலில் மகன் டேகேரில் சமர்த்தாகத் தூங்குகிறான், அப்பன் ஆபீஸில் தூங்கி வழிகிறான். மதியம் இங்கே முக்கால் மணி நேரம் கண்ணை மூடினால்தான் உயிர் தங்கும். அங்கிள் விரட்டிவிட்டால் அதுவும் போச்சு. மனைவி வான்மதிக்குத் தெரிந்தால் தொலைத்துவிடுவாள். அவளுக்கும்தானே தூக்கம் இல்லை?

டாப்பர் இதமாக இருந்தது. கண் சொக்குகிற நேரம் பார்த்து ஃபோன் அதிர்ந்தது. டேகேர். இனியனுக்கு லேசாகக் காய்ச்சலாம், உடனே வந்து அழைத்துப் போக வேண்டுமாம்.

படுத்தபடியே, குரலைத் தாழ்த்தி, வான்மதியைக் கூப்பிட்டான்.

"வானு, டேகேர்லேருந்து கால். இனியனுக்கு லைட்டா ஃபீவராம். நீ போய் பிக்கப் பண்ணிடேன், ப்ளீஸ். நான் முக்கியமான மீட்டிங்ல மாட்டிக்கிட்டேன்."

சொல்லும்போதே நெஞ்சு குறுகுறுத்தது. பெற்ற பிள்ளைக்குக் காய்ச்சல், இவனுக்கு டாப்பர் கேட்கிறது.

"நான் மட்டும் இங்க சும்மாவா இருக்கேன்?" அவளும் ரகசியக் குரலில் சீறினாள். "டைரக்டரோட ரெவ்யூ ஓடிட்டு இருக்கு. என்னால எழுந்திருக்கவே முடியாது. நீயே போ."

"நான் எப்படி வானு..." என்று அவன் இழுப்பதற்குள், ஃபோனுக்குள் வெங்கடாசலம் அங்கிளின் குரல் கேட்டது.

"ரெண்டு வாரமா எல்லா மெத்தையும் பாத்துட்டீங்க மேடம், மூணு இஞ்ச் டாப்பர் ஒண்ணுதான் பாக்கி. இப்ப அதுல ஒரு சார் படுத்திருக்கார். அவர் எழுந்ததும் உங்களுக்குத்தான்."