வேண்டாத மாத்திரை

"இந்த மாத்திரையை நிறுத்திடலாமா டாக்டர்?"

உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நின்றுகொண்டே கேட்கிறவர்கள் பாதி விஷயத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்பது அவருடைய அனுபவம்.

"முதல்ல உக்காருங்க. என்ன பண்ணுது? தலைவலியா? குமட்டுதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல."

"தூக்கம்?"

"நல்லா வருது. திடீர் திடீர்னு உடம்பு கொதிக்குமே, அதுவும் நின்னுபோச்சு."

அவள் ஒரு பெயின்ட் கடையில் வண்ணம் கலப்பவள். சுவரிலிருந்து பெயர்த்த ஒரு சில்லைக் காட்டினால் போதும், அச்சாக அதே நிறத்தைக் கலந்து கொடுத்துவிடுவாள். கடையில் அவளுக்குக் கலர்க்காரி என்றே பெயர். போன வருடம் முதன்முதலாக இங்கே வந்தபோது நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் மாதவிடாய் எப்போதோ நின்றிருந்தது. கணவன் தொட்டாலே எரிச்சல், வலி. "நான் மரக்கட்டையாயிட்டேன் டாக்டர்" என்று இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள்.

அன்று டாக்டரம்மா அவள் தொழிலை வைத்தே விளக்கினார். "ஒரு டின்னுக்கு எவ்வளவு சாயம் விடுவீங்க? சில சொட்டுதானே? அது குறைஞ்சா மொத்த டின்னும் வேற நிறமாயிடும். ஹார்மோனும் அப்படித்தான். உங்க சினைப்பை சீக்கிரமே ஓய்ஞ்சுபோச்சு. ஈரம், தூக்கம், ஆசை எல்லாம் அதோட சேர்ந்து போயிடுச்சு. உங்க மனசுல ஒரு குத்தமும் இல்லம்மா. குறைஞ்சதைக் குடுத்தா உடம்பு கேக்கும்."

உடம்பு கேட்டும்விட்டது. இப்போது வந்து வேண்டாம் என்கிறாளே என்றுதான் டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை.

"எரிச்சல் எப்படி இருக்கு?"

"சுத்தமா இல்ல."

"ஆசை?"

நகக்கண்ணில் ஒட்டியிருந்த நீலத்தைச் சுரண்டியபடியே சொன்னாள். "இருக்கு. கல்யாணமான புதுசுலகூட இப்படி இருந்ததில்ல."

"அப்புறம் என்ன? கைக்கு எட்டினதை நீங்களே தட்டிவிடப் பாக்கறீங்களே!"

கதவு திறந்தது. புதிதாகச் சேர்ந்த நர்ஸ் தலையை மட்டும் நீட்டினாள். "மேடம், ஒரு ஆம்பளை டோக்கன் வேணும்னு ஒத்தைக்கால்ல நிக்கறாரு. இது பொம்பளைங்களைப் பாக்கற டாக்டர்னு சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு."

"மருந்து கம்பெனிக்காரரா இருக்கும். ஒண்ணைக் குடுத்து உக்கார வை. அப்புறம் பாக்கறேன்."

கதவு மூடியதும் டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "இதோ பாருங்க. உங்க வயசுல இதை நிறுத்தினா பழைய வலி திரும்ப வரும். எலும்பும் தேய ஆரம்பிக்கும்."

"தெரியும். போன தடவையே சொன்னீங்க."

"வீட்டுக்காரர் ஏதாவது சொன்னாரா? இந்த வயசுல இதெல்லாம் எதுக்குன்னு?"

"ஐயோ, அவரைச் சொல்லாதீங்க. என்னை ஒரு சொல் சொன்னதில்ல அவர்."

உண்மைதான். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வலிக்கிறது என்று அவள் சொன்ன அன்றே தலையணையை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனவர், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "உன்னைக் கட்டிக்கிட்டு என் தம்பி சாமியாராயிட்டான்" என்று நாத்தனார் வாய்க்கு வாய் குத்திக்காட்டும்போதும், "அக்கா, அவளை ஒண்ணும் சொல்லாதே" என்பார். தங்கமான மனிதர் என்று உறவெல்லாம் அவரைக் கொண்டாடியது. அவளும்தான் கொண்டாடினாள்.

"அப்ப உங்களுக்கே கூச்சமா இருக்கா? அதுவும் பசி மாதிரிதாம்மா. ஆம்பளைக்கு மட்டும்னு யாரும் எழுதி வைக்கல."

"கூச்சமெல்லாம் இல்ல டாக்டர்." அவள் கண்கள் நிறைந்தன. "போன மாசம் நானேதான் கூடத்துக்குப் போய் அவர் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்."

"நல்லதுதானே?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

"அவரால முடியல. அன்னைக்கும் முடியல, அதுக்கப்புறமும் முடியல. அந்தக் காலத்துல எனக்கு வலிக்குதுன்னு சொன்னேனே, அப்ப அவர் முகத்துல ஒரு நிம்மதி தெரிஞ்சுது. என் மேல இருக்கற பாசம்னு நினைச்சேன். இப்பத்தான் புரியுது. அப்பவே அவருக்கு அப்படித்தான் இருந்திருக்கு. என் வலிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டாரு."

டாக்டரம்மா தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு மாசமா என் முகத்தைப் பாக்க மாட்டேங்கறாரு. சாப்பிடும்போது தட்டைத்தான் பாக்கறாரு. குறை என்கிட்டயே இருந்துட்டுப் போகட்டும் டாக்டர். எனக்குப் பழகிடுச்சு, அவர் தாங்க மாட்டார். மாத்திரையை நிறுத்தப் போறேன்னு காலையில அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லல. பஸ்ஸை எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு."

பேனாவைத் திறந்த டாக்டரம்மா, ஒன்றும் எழுதாமல் மறுபடி மூடினார். அவர் தொழிலில் இப்படியொரு வேண்டுகோள் வந்ததில்லை. வெளியே நர்ஸின் குரல் உயர்ந்தது. "சார், உள்ள ஆள் இருக்காங்க, போகாதீங்க!"

கதவைத் தள்ளிக்கொண்டு டிரைவர் சீருடையில் ஒருவர் வந்து நின்றார். பஸ் சாவியும் டோக்கனும் ஒரே கையில் இருந்தன. ஒரு மாதத்துக்குப் பிறகு தன் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"அவ மாத்திரையை நிறுத்திடாதீங்க டாக்டர்" என்றார். "வேற யார்கிட்டப் போறதுன்னு தெரியல... இந்த டோக்கன் எனக்கு."