முதலில் சொல்ல வேண்டியது

"அவர் என்ன சொன்னார்னு எனக்கு வேணாம் சார். நீங்க அவர்கிட்ட முதல்ல என்ன சொன்னீங்க? அதை மட்டும் சொல்லுங்க" என்றார் துறைத் தலைவி.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

இருபத்திரண்டு வருடம் சொந்த கிளினிக் வைத்து மனநோய்க்கு வைத்தியம் பார்த்தவர் அவர். நீதிமன்றத்துக்காகக் கைதிகளின் மனநிலையைப் பரிசோதிக்கும் இந்தத் துறையைப் படிக்க, ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு வந்து சேர்ந்திருந்தார். தலைவிக்கு அவரைவிடப் பன்னிரண்டு வயது குறைவு. டாக்டரோ வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து வரி விடாமல் குறிப்பெடுக்கும் மாணவர். அப்படிப்பட்டவர்தான் இன்று காலை, தனியாகப் போன முதல் பரிசோதனையிலேயே கோட்டை விட்டிருந்தார்.

இந்த வேலையில் எடுத்த எடுப்பில் சொல்லியாக வேண்டியது ஒன்று உண்டு. நான் உங்களுக்கு வைத்தியம் பார்க்க வரவில்லை. நீங்கள் சொல்வதெல்லாம் நீதிபதிக்குப் போகும். விருப்பமில்லை என்றால் பேசாமல் இருக்கலாம். இதைச் சொல்லாமல் முதல் கேள்வியைக் கேட்கக் கூடாது.

"பழக்க தோஷம் மேடம்" என்றார் டாக்டர். "மனுஷன் பேசத் தயங்கினார். இங்க சொல்றது இந்த நாலு சுவத்தைத் தாண்டாது, பயப்படாம சொல்லுங்கன்னு சொல்லிட்டேன்."

தலைவி தலையில் கை வைத்துக்கொண்டார். மறந்து தொலைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. மனிதர் நேர்மாறாக அல்லவா சொல்லி வைத்திருக்கிறார்.

விஷயம் சின்னது இல்லை. கீழே அறையில் இருப்பவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். மருமகனை ஸ்பானரால் அடித்துக் கொன்றுவிட்டதாக, தானே போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய்ச் சொன்னவர். அடித்த நேரத்தில் அவர் புத்தி எப்படி இருந்தது என்று நீதிமன்றம் கேட்டிருந்தது. நிதானம் இழந்து செய்தார் என்றால் சில வருடங்களோடு போகும். யோசித்துச் செய்தார் என்றால் ஆயுசு முழுக்க உள்ளேதான். அறிக்கை நாளைக் காலை போயாக வேண்டும்.

ஏழு மாதமாக யார் கேட்டாலும் அந்த மெக்கானிக் சொன்னது நாலே வரி. அவருடைய வக்கீலுக்கே அதற்கு மேல் ஒரு சொல் பெயரவில்லை. இன்று காலை டாக்டரிடம் நாற்பது நிமிடம் பேசியிருக்கிறார். எப்படி, என்ன பேசினார் என்று தலைவிக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது.

"மேடம், அதை மட்டும் கேட்டா தீர்ப்பே மாறிடும்."

"அதனாலதான் கேக்க மாட்டேன். அறிக்கையில கையெழுத்து போடறவ நான். பொய்யா நம்பிக்கை குடுத்து வாங்கின வார்த்தை அது. அதை வெச்சு ஒருத்தர் ஆயுசை முடிவு பண்ணக் கூடாது. இந்த விதியே அவங்களைக் காப்பாத்தத்தான் இருக்கு."

"இல்ல மேடம், காப்பாத்தறதுன்னா..."

"சார். எழுதினதைக் கிழிங்க."

டாக்டர் கிழித்தார். கிழித்து முடிக்கும்வரை தலைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். ஆர்வம் யாரைத்தான் விட்டது.

பிறகு இருவருமாகக் கீழே இறங்கிப் போனார்கள். சின்ன அறை, தரையோடு சேர்த்து முடுக்கிய மேஜை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு காவலர். காலையில் தான் சொன்னது தப்பு என்று டாக்டர் மன்னிப்புக் கேட்டார். சொல்ல வேண்டியதை இந்த முறை ஒன்றுவிடாமல் சொன்னார். புரிந்ததா என்று பார்க்க, மெக்கானிக்கையே திருப்பிச் சொல்லச் சொன்னார்.

"நான் வாயைத் திறந்தா அது ஜட்ஜுக்குப் போகும்" என்றார் மெக்கானிக். பிறகு மெதுவாக, "காலையில சொன்னது?" என்று கேட்டார்.

"கிழிச்சாச்சு. அது எங்கயும் போகாது."

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். பாரம் இறங்கிய பெருமூச்சு. டாக்டர் மேஜைமேல் குனிந்தார். காலையில் சொன்னதை இப்போதும் சொல்லலாம், எழுதிக்கொள்ளத் தயாராக இருக்கிறேன் என்றார். குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. தலைவி அவர் கையைத் தொட்டு அடக்கினார். கைதியைத் தூண்டிவிடவும் கூடாது.

மெக்கானிக் டாக்டரைக் கனிவாகப் பார்த்தார். அப்புறம் பழைய நாலு வரியைச் சொன்னார்.

"கோபம் வந்துச்சு. கையில ஸ்பானர் இருந்துச்சு. ஓங்கி அடிச்சேன். நான்தான் அடிச்சேன்."

வராந்தாவுக்கு வந்ததும் தலைவிக்கு முகம் தெளிந்துவிட்டது. "மனசை விடாதீங்க சார். உங்க தப்பால அவருக்கு எந்தக் கெடுதலும் வரல. இனிமே ஜென்மத்துக்கும் மறக்க மாட்டீங்க" என்றார். நாலு எட்டு நடந்தவர் நின்றார். "இருந்தாலும் கேக்கறேன், அவர் திட்டம் போட்டுத்தான்... வேணாம், வேணாம். சொல்லிடாதீங்க."

டாக்டர் சொல்லவில்லை. தப்பாகவே கொடுத்திருந்தாலும் வாக்கு வாக்குதானே. ஆனால் கிழித்துப் போட்டதெல்லாம் காதுக்குள் அப்படியே இருந்தது.

"மாப்பிள்ளையை அடிச்சது என் பொண்ணு டாக்டர், கைக்குழந்தைக்காரி, அதான் நான் போய் நின்னுட்டேன். நான் யாரையும் கொல்லலன்னு இந்த உலகத்துல ஒரே ஒரு ஆளுக்காவது தெரிஞ்சிருக்கட்டும்னுதான் உங்ககிட்ட சொல்றேன்."