காதுச் சல்லடை

வீட்டில் எந்தெந்த லைசென்ஸ் காலாவதியாகிவிட்டது என்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது சிவரஞ்சனியின் பொறுப்பு. வாசல் பூட்டு, சலவை இயந்திரம் எல்லாம் சரி. கணவன் கனகவேலின் காதுச் சல்லடைக்கு எதிரே மட்டும் சிவப்புக் கோடு. முடிந்து நாற்பது நாள் ஆகியிருந்தது.

அவளுக்கு வியர்த்துவிட்டது. கடுஞ்சொல் எதுவானாலும் கனிவாக மாற்றிக் காதில் போடும் கருவி அது. ஆளுக்கொன்றாகச் சீர்வரிசையில் வந்தது. அந்தத் தைரியத்தில்தான் அவனைத் தினமும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டிருந்தாள்.

நேற்றுகூட, "ஈரத்துண்டக் கொடியில போடத் தெரியாதா, எரும?" என்றாள். "இதோ போட்டுடுறேன், தங்கம்" என்றுதான் பதில் வந்தது.

அத்தனையும் காதில் விழுந்துமா தங்கம் என்கிறான்? எவ்வளவு நல்ல மனுஷன்! கண் கலங்க, புதுப்பிக்கும் பொத்தானைத் தொடப் போனவள் அடுத்த வரியைப் பார்த்தாள். அவளுடைய சல்லடைக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

பொத்தானை விட்டுவிட்டு, தன் சல்லடையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"டேய் எரும, இங்க வாடா!"

"வர்றேன்டி, குட்டிச்சாத்தானே!" என்று சமையலறையிலிருந்து உற்சாகமாகக் குரல் வந்தது.

நாற்பது நாளாகப் போடாமல் விட்ட சண்டையைப் போட, துப்பட்டாவை இழுத்து முடிந்துகொண்டு கிளம்பினாள் சிவரஞ்சனி.